சிறு தொற்றை வீட்டில் கவனித்தல், மருத்துவரை நாடும் நேரம் அறிதல்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தோருக்கு ஒரு வழிகாட்டி

நான் சிங்கப்பூருக்கு வந்த ஆறாவது வாரத்தில், புதிதாகக் கொடுக்கப்பட்ட பாதுகாப்புக் காலணி இடது குதிகாலை உரசிக் கொப்புளம் ஒன்றை உண்டாக்கியது. கொப்புளம் உடைந்தது, அதன்மேலேயே காலுறையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் இரவு வலி கூடியபோது, அறையில் உடன் தங்கியிருந்த அண்ணன் ஒருவர், ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டையில் மீதமிருந்த மூன்று அமாக்சிசிலின் (ஓர் ஆன்டிபயாட்டிக்) மாத்திரைகளை அன்போடு எடுத்துக் கொடுத்தார். விழுங்கினேன், வலி சற்றுத் தணிந்ததுபோல் இருந்தது. ஆறாம் நாள் காலையில் கணுக்கால்வரை சிவந்து வீங்கி, காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. மருந்தகத்தில் (இங்கே கிளினிக்கை அப்படித்தான் சொல்வார்கள்) மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "இந்தச் சிவப்பு நேற்று எதுவரை இருந்தது?" என்பதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்கு வரும் சிறு தொற்றுகளில் பெரும்பாலானவற்றை உடலே வென்றுவிடுகிறது. நாம் செய்ய வேண்டியது இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பது, உடலுக்கு ஓய்வும் நீரும் கொடுப்பது, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது என்பதை அளந்து குறித்துவைப்பது ஆகியவைதாம். இவற்றுள் மூன்றாவதைத்தான் நம்மில் பலர் செய்வதில்லை.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நீரிழிவு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், புற்றுநோய் சிகிச்சை பெறுவோர், ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வோர் ஆகியோருக்கு, வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று இங்கே சொல்லப்படும் அவகாசங்கள் பொருந்தமாட்டா. அவர்கள் அறிகுறி தொடங்கியவுடனேயே மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி.

முதலில் சேர்த்து வைக்க வேண்டியவை

வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு "உடம்பு சுடுகிறது" என்று சொல்வதற்கும், "நேற்று இரவு எட்டு மணிக்கு 38.6 டிகிரி செல்சியஸ் இருந்தது" என்று சொல்வதற்கும் மருத்துவரின் மேசையில் பெரிய வேறுபாடு உண்டு. அதனுடன் பஞ்சுத் துணி, ஒட்டுப்பட்டை, பெட்ரோலியம் ஜெல்லி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கைந்து, பாராசிட்டமால், தோலில் நிற்கும் மையுள்ள பேனா ஒன்று ஆகியவை போதும். பேனா எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

பாராசிட்டமால் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வரும் பெட்டியில் டோலோ இருக்கும். இங்குள்ள கடையில் பனடால் கிடைக்கும். இரண்டும் வேறு வேறு மருந்துகள் என்று எண்ணி, ஒன்று கேட்கவில்லை என்பதற்காக மற்றொன்றை மேலே போட்டுக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் இருப்பது பாராசிட்டமால்தான். டோலோவில் 650 மில்லிகிராம், சாதாரண பனடாலில் 500 மில்லிகிராம் என்பதே வேறுபாடு. சளிக்கென விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து கலந்திருக்கிறது. வளர்ந்தவர் ஒருவர் 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் கூடாது. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். உடல் எடை குறைந்தவர்களும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், நாள்தோறும் மது அருந்துபவர்களும் அதற்கும் குறைவாகவே எடுக்க வேண்டும் என்பதால், மருந்தாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அளவு மீறினால் கல்லீரல் பழுதாகும். அந்தப் பழுது முதல் நாளில் எந்த அறிகுறியும் காட்டாமலே நடந்துகொண்டிருக்கும். குழந்தைகளுக்கு வயதைப் பார்த்து அன்றி, எடையைப் பார்த்தே அளவு சொல்லப்படுகிறது. பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

ஊரிலிருந்து வரும் மாத்திரைகள்

ஊரில் மருந்துக்கடைக்காரரிடம் சொன்னால் ஆன்டிபயாட்டிக் கிடைத்துவிடும் என்ற பழக்கத்தோடு நாம் இங்கு வருகிறோம். சிங்கப்பூரில் மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் அது கிடைக்காது. இதை இடைஞ்சல் என்று நினைப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: சளி, தொண்டைக் கரகரப்பு, வழக்கமான காய்ச்சல் ஆகியவற்றில் பெரும்பாலானவை கிருமிகளுள் வைரஸ் வகையால் வருபவை, ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவால் வந்த தொற்றாகவே இருந்தாலும், எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பது இடத்திற்கு இடம் மாறும். என் அறைத்தோழர் கொடுத்த மூன்று மாத்திரைகள் என் காலில் இருந்த கிருமியை அழிக்கப் போதவில்லை. வலி குறைகிறது என்ற எண்ணத்தை மட்டும் தந்து, நான் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட்டன. அவர் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இந்தத் தவறு பெரும்பாலும் அன்பினால்தான் நடக்கிறது.

ஊரிலிருந்து நீங்கள் வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளைக் கொண்டுவரலாம். சொந்தப் பயன்பாட்டிற்கு மூன்று மாதத்திற்கு வேண்டிய அளவு என்பது சுகாதார அறிவியல் ஆணையத்தின் பொதுவான வரம்பு. ஆனால் கோடீன் கலந்த இருமல் மருந்து, உறக்க மாத்திரை, சிலவகை வலிநிவாரணி போன்றவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டியிருக்கலாம். ஊரில் சாதாரணமாக விற்கும் இருமல் மருந்துதானே என்று பெட்டியில் போடுவதற்கு முன், ஆணையத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

காயமும் அதைச் சுற்றிய சிவப்பும்

சிறு வெட்டு, சிராய்ப்பு, உடைந்த கொப்புளம் ஆகியவற்றுக்கு முதல் மருந்து குழாய்த் தண்ணீர். சிங்கப்பூரின் குழாய்த் தண்ணீர் அப்படியே குடிக்கத் தக்கது. காயம் கழுவ அதைவிடச் சிறந்தது தேட வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, ஓடும் தண்ணீரின் கீழ்க் காயத்தை ஐந்து நிமிடமாவது பிடியுங்கள். மண், சிமெண்டுத் தூள், இரும்புத் துகள் ஆகியவை போகும்வரை கழுவுவதுதான் முக்கியம். சோப்பைக் காயத்தின் உள்ளே தேய்க்காமல் சுற்றியுள்ள தோலில் மட்டும் பயன்படுத்துங்கள். இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்ப்பதனாலேயே பலருக்கு இரத்தம் நிற்பதில்லை.

பிறகு பெட்ரோலியம் ஜெல்லியை மெலிதாகத் தடவி, ஒட்டுப்பட்டையால் மூடுங்கள். காற்றுப் பட்டால்தான் காயும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். உண்மையில் ஈரப்பதம் காத்து மூடப்பட்ட காயமே விரைவில் ஆறுகிறது, தழும்பும் குறைகிறது. கட்டை நாளுக்கு ஒருமுறையும், வியர்வையாலோ மழையாலோ நனைந்தால் உடனேயும் மாற்றுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள், பற்பசை, சுண்ணாம்பு ஆகிய எதையும் திறந்த காயத்தில் வைக்காதீர்கள். அவை கிருமியற்றவை அல்ல. மருத்துவர் பார்க்க வேண்டிய நிறத்தையும் மறைத்துவிடும்.

இனிப் பேனா. காயத்தைச் சுற்றிச் சிறிதளவு சிவப்பும் இலேசான வீக்கமும் முதல் இரண்டு நாள் இருப்பது இயல்பு. அந்தச் சிவப்பு முடியும் ஓரத்தைப் பேனாவால் வரைந்து, பக்கத்திலேயே தேதியையும் நேரத்தையும் தோலின்மேல் எழுதிவிடுங்கள். நம் தோலின் நிறத்தில் சிவப்பு அவ்வளவு தெளிவாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்தோ, சில வேளைகளில் பளபளப்பாக மட்டுமோ தெரியும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல், புறங்கையை வைத்துச் சூடு எங்கே முடிகிறது, விரலால் அழுத்தினால் வலி எங்கே முடிகிறது என்று பார்த்து அங்கே கோடு போடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். கைப்பேசியில் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்திலிருந்து படமும் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

கோடு எங்கிருந்தாலும் சரி, காயத்திலிருந்து நெஞ்சை நோக்கிச் செல்லும் சிவந்த வரி, அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறிகட்டுதல், நடுக்கத்தோடு குளிர், தோற்றத்திற்குப் பொருந்தாத கடும் வலி ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. சிறிய காயம், ஆனால் தாங்க முடியாத வலி என்பது தோலுக்கு அடியில் ஆழமாகப் பரவும் தொற்றின் அடையாளமாக இருக்கலாம். அது சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகும்.

ஆணி குத்தியது, மண் படிந்த ஆழமான காயம், நாய், பூனை, குரங்கு, மனிதர் கடித்தது ஆகியவை வெளியில் சிறிதாகத் தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கு உரியவை அல்ல. ரணஜன்னி எனப்படும் டெட்டனஸுக்கான தடுப்பூசியைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும். அழுக்கான காயமென்றால் கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு தாண்டியிருந்தாலே மறுபடி போடுவார்கள். நீங்கள் கடைசியாக எப்போது போட்டுக்கொண்டீர்கள் என்பதை ஊரில் அம்மாவிடம் கேட்டாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா ஈரச்சந்தையில் மீன் வாங்கி வீட்டில் ஆய்பவர்களுக்கும், உணவுக்கடை அடுப்படியில் வேலை செய்பவர்களுக்கும் தனியாக ஒரு சொல். மீன் முள்ளோ இறாலின் கொம்போ விரலில் குத்தினால் உடனே கழுவுங்கள். அன்று மாலைக்குள் விரல் வீங்கத் தொடங்கினால் மறுநாள்வரை பார்க்க வேண்டாம். கடல்நீரில் வாழும் சில கிருமிகள் மிக வேகமாகப் பரவுபவை. கல்லீரல் நோயும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு அந்த வேகம் இன்னும் கூடுதல்.

கட்டி, கண்கட்டி

வேனற்கட்டி, கண்கட்டி இரண்டுக்கும் ஒரே வைத்தியம்: வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம் ஒத்தடமாக வைப்பது, நாளைக்கு மூன்று நான்கு முறை. பிதுக்குவது, ஊசியால் குத்துவது இரண்டும் கூடாது. குறிப்பாக மூக்கிலும் மேலுதட்டிலும் வரும் கட்டியைத் தொடவே கூடாது. அப்பகுதியின் இரத்த ஓட்டம் மூளையை ஒட்டிய நாளங்களோடு தொடர்புடையது. ஒரு வாரத்தில் அடங்கவில்லை, பெரிதாகிறது, காய்ச்சல் வருகிறது, அடிக்கடி திரும்பத் திரும்ப வருகிறது என்றால் மருத்துவரிடம் செல்லுங்கள். திரும்பத் திரும்ப வருவோர் இரத்தத்தில் சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடையே நீரிழிவு கூடுதலாகக் காணப்படுகிறது. ஆறாத புண்ணின் மூலமாகவே தமக்கு நோய் இருப்பதை முதலில் அறிந்தவர்கள் நம்மிடையே உண்டு.

சேற்றுப்புண், படர்தாமரை

இந்த ஊரின் வெப்பமும் ஈரமும், நாள் முழுவதும் கழற்ற முடியாத காலணியும் சேர்ந்து, புதிதாக வந்தவர்களுக்குக் கொடுக்கும் முதல் தொல்லை பூஞ்சைத் தொற்றுதான். விரலிடுக்கில் தோல் வெளுத்து ஊறி வெடிப்பது சேற்றுப்புண். தொடையிடுக்கிலும் இடுப்பிலும் வட்டமாக ஓரம் சிவந்து அரிப்பது படர்தாமரை. மருந்தகங்களிலும் பெரிய மருந்துக்கடைகளிலும் கிடைக்கும் குளோட்ரிமசோல் களிம்பைக் காலையும் இரவும் தடவுங்கள். தெரியும் ஓரத்தைத் தாண்டி இரண்டு செண்டிமீட்டர் வரை தடவ வேண்டும். பலரும் செய்யும் தவறு, அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்திவிடுவது. தோல் முழுதும் சரியாகத் தெரிந்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள்.

குளித்தபின் விரலிடுக்கை ஒவ்வொன்றாகத் துடைத்து உலர்த்துவது களிம்புக்குச் சமமான மருந்து. இரண்டு இணைக் காலுறைகளை எடுத்துச் சென்று, மதிய உணவு நேரத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். துண்டையும் உள்ளாடையையும் பிறரோடு பகிராதீர்கள். தங்குவிடுதியில் கொடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காயப்போடுவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

ஊரிலிருந்து வரும் சில அரிப்புக் களிம்புகளில் பூஞ்சை மருந்தோடு கடும் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். தடவிய மறுநாளே அரிப்பு அடங்கி, அதிசய மருந்துபோலத் தோன்றும். ஆனால் ஸ்டீராய்டு அரிப்பை அடக்குகிறதே தவிர பூஞ்சையை அடக்குவதில்லை. மருந்தை நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாகப் படர்ந்து வரும், தோலும் மெலிந்து வரிவரியாகக் கீறல் விழும். குழாயின்மேல் குளோபீட்டசோல், பீட்டமெத்தசோன் என்ற பெயர்கள் இருந்தால் படர்தாமரைக்கு அதைத் தொடாதீர்கள்.

சளி, காய்ச்சல், டெங்கி

சளியும் தொண்டை வலியும் ஒரு வாரத்தில் தணியும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம்கூட நீடிக்கலாம். வெதுவெதுப்பான நீர் ஒரு குவளையில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துத் தொண்டையில் படும்படி கொப்பளியுங்கள், இரசமும் கஞ்சியும் குடியுங்கள், உறங்குங்கள். தேன் இருமலைத் தணிக்கும், ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு துளியும் கொடுக்கக் கூடாது. கொதிக்கும் பாத்திரத்தின்மேல் போர்வையைப் போர்த்தி ஆவி பிடிப்பதைச் சிறுவர்களுக்குச் செய்யாதீர்கள். பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்துபோவது, சளியைவிடப் பன்மடங்கு கொடியது. மூன்று வாரத்திற்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைதல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை வேண்டும். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. மருந்தால் முழுதும் குணமாகும் நோய் அது.

காய்ச்சல் வந்தால் இந்த ஊரில் டெங்கியை எப்போதும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டு மட்டும் சிங்கப்பூரில் 35,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. சளி, மூக்கொழுகல் இல்லாமல் திடீரென்று கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடலெல்லாம் முறித்துப் போடும் வலி என்றால், இரத்தப் பரிசோதனை செய்து அறியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் தொடாதீர்கள். இபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகியவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

டெங்கியில் மிகவும் ஏமாற்றும் கட்டம், காய்ச்சல் இறங்கும் கட்டம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வெப்பமானியில் எண் குறைந்ததும், "விட்டுவிட்டது, நாளை வேலைக்குப் போகலாம்" என்று தோன்றும். ஆபத்து தொடங்கினால் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், கைகால் சில்லிட்டுப் போதல், எழுந்து நிற்க முடியாத அயர்ச்சி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டிலிருக்கும்போது எத்தனை முறை சிறுநீர் கழித்தீர்கள் என்பதை எண்ணிக் குறியுங்கள். ஆறு மணி நேரம் சிறுநீரே வராவிட்டால் உடலில் நீர் போதவில்லை என்று பொருள்.

மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் அப்போதே கொண்டுசெல்லுங்கள். லிட்டில் இந்தியா பக்கம் வசிப்பவர்களுக்குக் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

வயிற்றுப்போக்கு

வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்துவதைவிட, இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டுவதே வைத்தியம். கடையில் வாங்கிய பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உப்புக் கூடினால் தீங்கு என்பதால் கண்ணளவில் போடாதீர்கள். வாந்தி இருந்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு தேக்கரண்டியாகத் தொடருங்கள். உப்பிட்ட கஞ்சி, தயிர்சாதம், இளநீர் எல்லாம் நல்லவை. மலத்தில் இரத்தம், 38.5க்கு மேல் காய்ச்சல், இரண்டு நாளுக்கு மேல் நீடித்தல் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். அப்படிப்பட்ட நிலையில் போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தாமாக எடுக்கக் கூடாது. உணவுக்கடையில் வேலை செய்பவர்கள் குணமாகும்வரை அடுப்படிக்குப் போகாதிருப்பது வாடிக்கையாளர்களுக்குச் செய்யும் கடமை.

கண், காது, பல், சிறுநீர்

மெட்ராஸ் ஐ வந்தால் கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் கண்ணை உள்ளிருந்து வெளிப்புறமாக ஒரே துடைப்பில் துடைத்து, பஞ்சை எறிந்துவிடுங்கள். துண்டும் தலையணையும் தனியாக இருக்கட்டும். கண்வில்லை அணிவதை நிறுத்துங்கள். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது வேண்டாம். கண்ணில் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்க்கக் கூசுதல் இருந்தால் அன்றே காட்டுங்கள். காது வலிக்கு எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். செவிப்பறையில் துளை இருந்தால் எண்ணெய் உள்ளே போய்விடும். பல்வலிக்குக் கிராம்பு தற்காலிக ஆறுதல் மட்டுமே. தாடையோ கன்னமோ வீங்கி, வாயைத் திறக்கவும் விழுங்கவும் கடினமானால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

நீர்க்கடுப்புக்கு ஒரு நாள் நிறையத் தண்ணீர் குடித்துப் பார்க்கலாம். அடுத்த நாளும் எரிச்சல் இருந்தால் மருந்து தேவைப்படும். ஆண்களும் கர்ப்பிணிகளும் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். விலாவிலோ முதுகிலோ வலியும் நடுக்கக் காய்ச்சலும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம்.

அம்மை

இதை எழுதுவதற்குச் சற்றுத் தயங்கினேன். ஆனால் எழுதாமல் விடுவது சரியன்று. அம்மை போட்டால் மருந்து கொடுக்கக் கூடாது, அம்மன் கோபித்துக்கொள்வாள் என்ற நம்பிக்கையோடு வளர்ந்தவன் நானும். வேப்பிலை வைப்பதையும் வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பதையும் யாரும் விட வேண்டியதில்லை. ஆனால் சின்னம்மை பிள்ளைகளைவிட வளர்ந்தவர்களுக்குக் கடுமையாக வரும், நுரையீரலையும் தாக்கும். அதற்கான வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொப்புளம் தோன்றிய முதல் 24 மணி நேரத்திற்குள் தொடங்கினால்தான் முழுப்பயன் கிடைக்கும் என்பதால், வளர்ந்தவர்களும் கர்ப்பிணிகளும் முதல் நாளே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்தகத்திற்குப் போகுமுன் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போனால் தனியாக உட்காரவைப்பார்கள். கொப்புளம் எல்லாம் பொருக்காகக் காயும்வரை பொது இடங்களுக்குச் செல்லாதீர்கள்.

எங்கே செல்வது, செலவு யாருடையது

மேலே சொன்னவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வீட்டுக்கு அருகிலுள்ள தனியார் மருந்தகமே போதும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளங்களில் அவை இருக்கின்றன. சில 24 மணி நேரமும் திறந்திருக்கும். சிராங்கூன் சாலையை ஒட்டிய மருந்தகங்களில் தமிழில் பேசவும் முடியும். பலதுறை மருந்தகத்தில் (அரசின் பாலிகிளினிக்) குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, வெளிநாட்டவர் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் மூடியிருக்கும். ஹெல்த்ஹப் செயலியில் முன்பதிவு செய்வது நல்லது. மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கட்டணம் நூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல். அங்கே வந்த வரிசைப்படி அன்றி, நோயின் கடுமைப்படியே பார்ப்பார்கள் என்பதால், சளிக்குப் போனால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும்.

பணத்தை நினைத்துத்தான் பலர் காத்திருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். நானும் அப்படித்தான் காத்திருந்தேன். வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்களின் மருத்துவச் செலவுக்கு முதலாளி பொறுப்பு. தங்குவிடுதிகளில் வசிப்போருக்கும் கட்டுமானம், கப்பல் பட்டறை, பதனீடு (புராசஸ்) ஆகிய துறைகளில் வேலை செய்வோருக்கும் 2022 ஏப்ரல் முதல் முதலாளி கட்டாயமாக வாங்க வேண்டிய அடிப்படை மருத்துவத் திட்டம் நடப்பில் இருக்கிறது. பிசிபி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உங்களுக்குரிய மருந்தகம் எது என்பதை, நோய் வருமுன்னே, மேற்பார்வையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உதவி வேண்டுமானால் வெளிநாட்டு ஊழியர்களுக்காகவே இயங்கும் ஹெல்த்சர்வ் அமைப்பையும் நாடலாம்.

வேலைவாய்ப்புச் சட்டத்தின்கீழ், மூன்று மாதம் வேலை செய்து முடித்தவருக்குச் சம்பளத்துடன் ஐந்து நாளும், ஆறு மாதம் முடித்தவருக்குப் பதினான்கு நாளும் ஆண்டுக்கு மருத்துவ விடுப்பு உண்டு. எம்சி எனப்படும் மருத்துவச் சான்றிதழ் பெற்று, வேலைக்குச் செல்லாத நேரத்திலிருந்து 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும்; வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பிவிட்டால் சான்றும் நிலைக்கும்.

செல்லும்போது அடையாள அட்டையோ வேலை அனுமதிச் சீட்டோ, உட்கொண்ட எல்லா மாத்திரைகளின் அட்டைகளும், காய்ச்சல் குறித்த தாளும் கையில் இருக்கட்டும். ஊர் மாத்திரை எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஒவ்வாமை தரும் மருந்தின் பெயரை நீங்களே முதலில் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் எத்தனை நாள், உணவுக்கு முன்பா பின்பா, எந்த அறிகுறி வந்தால் மறுபடி வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கொடுத்ததை முடியுங்கள், மீதி வைத்து அறைத்தோழருக்குக் கொடுக்காதீர்கள்.

995ஐ அழைக்க வேண்டிய நேரம்

தொற்று இரத்தத்தில் பரவிவிட்டால் உடல் முழுதும் மாற்றம் தெரியும். பேச்சு குழறுதல், ஆளை அடையாளம் தெரியாமல் குழம்புதல், மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடத்தல், தோல் சில்லிட்டுத் திட்டுத்திட்டாக நிறம் மாறுதல், எழுப்பினாலும் எழாமை, வலிப்பு, கழுத்து விறைப்போடு கடும் தலைவலி, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் 995ஐ அழையுங்கள். உண்மையான அவசரத்திற்கு அந்த மருத்துவ வண்டிக்குக் கட்டணம் இல்லை. உயிருக்கு ஆபத்தில்லாமல், நடக்க மட்டும் முடியாதவரை அழைத்துச் செல்ல 1777 என்ற எண் இருக்கிறது. அதற்குக் கட்டணம் உண்டு.

அழைத்தவுடன் புளோக் எண், சாலையின் பெயர், மாடி, வீட்டு எண் என்ற வரிசையில் நிதானமாகச் சொல்லுங்கள். தங்குவிடுதியாக இருந்தால் விடுதியின் பெயரும் அறை எண்ணும். எதிர்முனையில் இருப்பவர் வைக்கச் சொல்லும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள். வீட்டுக் கதவையும் இரும்புக் கதவையும் திறந்து வையுங்கள். கூட ஒருவர் இருந்தால், அவரைக் கீழ்த்தளத்திற்கு அனுப்பி, வண்டி வரும் பக்கம் நின்று கையசைக்கவும், மின்தூக்கியைத் திறந்தபடி பிடித்து வைக்கவும் சொல்லுங்கள். நோயாளியின் மாத்திரை அட்டைகளையும், அந்தப் பேனாக் கோடு எப்போது போடப்பட்டது என்பதையும் வருபவர்களிடம் கொடுங்கள்.